பன்னிரண்டு ஜாடித் தண்ணீர்

ஒரு தண்ணீர் சுத்தமாகிவிட்டதா இல்லையா என்று சொல்ல எனக்கு நான்கு மாதம் பிடித்தது. குடிக்கிற தண்ணீர் இல்லை. மயிலாப்பூரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியின் பின்பக்கத்து அறையில், ஊறுகாய் போடுகிற பெரிய பீங்கான் ஜாடிகளில், வாயைத் துணியால் கட்டி வரிசையாக வைத்திருந்த தண்ணீர். பன்னிரண்டு ஜாடி. சுதந்திரம் வந்த மறு வருஷம் அது. எனக்கு இருபத்து மூன்று வயது.

அந்த ஆஸ்பத்திரியில் புற்றுநோய்க்கு ரேடியம் ஊசி வைப்பார்கள். மருந்து ஏற்றுகிற ஊசி அல்ல. உள்ளே ரேடியம் உப்பை அடைத்து மூடிய, தையல் ஊசி அளவே இருக்கும் குழாய். கட்டிக்குள் செருகி, சில நாள் வைத்திருந்து எடுத்துவிடுவார்கள். எடுத்ததை வெந்நீரில் கொதிக்கவைத்துத் துடைத்து இரும்புப் பெட்டியில் பூட்ட வேண்டும். எண்ணிப் பூட்டுவதுதான் என் உத்தியோகம். கெமிஸ்திரி படித்த பெண் என்று பெருமையாக எடுத்தார்கள். நான் செய்ததெல்லாம் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணியது.

ஒருநாள் ஓர் ஊசியின் நுனி விரிந்திருந்ததை யாரும் கவனிக்கவில்லை. கொதிக்கிறபோது உப்பு வெளியே வந்து தண்ணீரில் கலந்துவிட்டது. பாத்திரம் கழுவியது, மேசை துடைத்தது, தரை அலசியது என்று பட்ட தண்ணீரையெல்லாம் ஜாடிகளில் பிடித்து வைத்தோம். ரேடியம் கண்ணுக்குத் தெரியாது, மணக்காது, கொதிக்கவைத்தாலும் சாகாது. உடம்புக்குள் போனால் எலும்பில் போய் உட்கார்ந்துகொள்ளும். அந்தத் தண்ணீரைத் தோட்டத்தில் கொட்டினால் கிணற்றுக்குப் போகும் என்று நான்தான் சொன்னேன்.

"அப்போ என்ன பண்றதாம்?" என்றார் பெரிய டாக்டர். ஆஸ்பத்திரி அவருடையது.

"சுத்தம் பண்ணலாம் சார். பேரியம் உப்பைப் போட்டுக் கந்தக அமிலம் விட்டா, வெள்ளையா வண்டல் இறங்கும். ரேடியம் அதோட சேர்ந்து இறங்கிடும். மேலே நிக்கற தண்ணியை வடிகட்டிடலாம். வண்டலை மட்டும் பெட்டியில பூட்டினா போதும்."

"எவ்வளவு சுத்தமாகும்?"

"நூறுல ஒரு பங்குதான் தண்ணியில மிஞ்சும்."

ஆழம் தெரியாமல் காலை விட்டேன் என்பது இதுதான். நூறு என்ற எண்ணை யார் என்னிடம் கேட்டார்கள்? புத்தகத்தில் அப்படித்தான் இருந்தது. வாய் சும்மா இராமல் சொல்லிவிட்டது. அவர் அதை ஒரு காகிதத்தில் எழுதிக்கொண்டார்.

"நூறுல ஒண்ணு ஆச்சுன்னா தோட்டத்துல கொட்டு. ஆகலைன்னா வண்டியில ஏத்தி, அடையாத்துக்கு அந்தண்டை சமுத்திரத்துல கொட்டிட்டு வரச் சொல்லிடறேன். அங்கே யாரும் இல்லை."

"ஊரூர்க் குப்பம் இருக்கு சார்."

"குப்பம்தானே," என்றார்.

அறை வாசலில் தட்டுகளைத் துடைத்துக்கொண்டிருந்த எங்கள் வேலைக்காரி தலையைத் தூக்கிப் பார்த்தாள். அவளுக்கு அந்தக் குப்பம்தான் ஊர். புருஷன் கட்டுமரம் ஓட்டுகிறவர். தினமும் காலையில் அடையாற்றுப் பாலத்தைத் தாண்டி நடந்தே வந்து, எங்கள் அறையில் பாத்திரம் கழுவுவாள். என்னைவிடப் பத்து வயதாவது மூத்தவள். வெள்ளிக்கிழமைகளில் பனையோலைப் பெட்டியில் மீன் கொண்டுவருவாள். நாங்கள் கத்தோலிக்கர்கள், சாந்தோம் கோயில் பங்கைச் சேர்ந்தவர்கள். வெள்ளிக்கிழமை வீட்டில் இறைச்சி கிடையாது. அவள் கொண்டுவருகிற சங்கரா மீன்தான் எங்கள் வீட்டு வெள்ளிக்கிழமைக் குழம்பு. அம்மா அவளைப் பார்த்ததே இல்லை, ஆனால் பெயர் சொல்லிப் புகழ்வாள்.

ஒரு ஜாடியை முதலில் எடுத்துச் சுத்தம் செய்து பார்ப்பது, தேறினால் மற்றவற்றையும் அப்படியே செய்வது என்று முடிவாயிற்று. வண்டல், பால் திரிந்தது போல அழகாக இறங்கியது. செய்வது பெரிய வித்தையில்லை. செய்தது எவ்வளவு பலித்தது என்று அளப்பதில்தான் பிராணன் போயிற்று.

அளக்க எங்களிடம் இருந்தது ஒரு பித்தளைப் பெட்டி. உள்ளே ஒரு கம்பி, அதில் ஒட்டிய மெல்லிய தங்க இலை. எபனைட் என்கிற கெட்டி ரப்பர் தடியைத் தேய்த்து மின்சாரம் ஏற்றினால் இலை கம்பியை விட்டு விலகி நிற்கும். கீழே ரேடியம் பட்ட எதையாவது வைத்தால் மின்சாரம் கசிந்து இலை மெல்ல இறங்கும். சின்ன லென்ஸ் வழியாகப் பார்த்துக்கொண்டு, பத்துக் கோடு இறங்க எவ்வளவு நேரம் ஆகிறது என்று கடிகாரத்தில் பார்க்க வேண்டும். வேகமாக இறங்கினால் ரேடியம் அதிகம். மெதுவாக இறங்கினால் குறைவு. ஒரு கரண்டித் தண்ணீரை நிக்கல் தட்டில் விட்டு, மணலடுப்பில் வற்றவைத்து, அந்தத் தட்டைப் பெட்டிக்கடியில் செருகுவோம்.

இதைக் குளிர் தேசத்தில் கண்டுபிடித்திருக்கிறார்கள். மயிலாப்பூரில் பதினோரு மணிக்குக் கடற்காற்று எழுந்தால், ரேடியம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் இலை தொப்பென்று விழும். காற்றிலிருக்கிற ஈரம் போதும். அதனால் காலை ஏழு மணிக்கே போய், ஜன்னலைச் சாத்தி, விசிறியும் இல்லாமல், ஒரு கண்ணை மூடிக்கொண்டு இலையைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பேன். வேர்வை மூக்கில் சொட்டும். துடைத்தால் மேசை அசையும். மேசை அசைந்தால் முதலிலிருந்து.

சுத்தம் செய்யாத தண்ணீருக்கு இலை ஒரே நிமிஷத்தில் இறங்கியது. ஒன்றும் இல்லாத வெறும் தட்டுக்கு இரண்டு மணி நேரம். அந்த வெறும் தட்டை மட்டும் ஒரு வெள்ளைத் துணியில் சுற்றி அலமாரியில் வைத்தேன். அதுதான் எனக்குச் சுத்தம் என்பதற்கு அடையாளம். அதை யாரும் தொடக் கூடாது, கழுவக் கூடாது என்று கட்டளை. சுத்தம் செய்த தண்ணீர் நூறில் ஒரு பங்கு ஆகியிருந்தால் இலை இறங்க ஏறக்குறைய ஒரு மணி நேரம் ஆக வேண்டும்.

முதல் தடவை இருபது நிமிஷம் வந்தது.

சரி, வண்டல் சரியாக இறங்கவில்லை போலிருக்கிறது என்று அதே தண்ணீருக்கு இன்னொரு முறை பேரியம் போட்டேன். தட்டில் பழைய அழுக்கு ஒட்டியிருக்குமோ என்ற சந்தேகமும் வந்தது. அவளைக் கூப்பிட்டு, "தட்டை நல்லாத் தேய்க்கிறியா, சும்மா அலசிட்டு வைக்கிறியா?" என்றேன்.

"நல்லாதாம்மா தேய்க்கிறேன்."

"இன்னும் நல்லாத் தேய்."

இரண்டாம் தடவை பன்னிரண்டு நிமிஷம். கூட வேண்டியது குறைகிறது! சுத்தம் செய்யச் செய்யத் தண்ணீர் அழுக்காகிறது என்று எந்தப் புத்தகத்தில் போட்டிருக்கிறது? அமிலத்தை மாற்றினேன். வடிகட்டும் தாளை மாற்றினேன். ஜாடியை மாற்றினேன். மூன்றாம் முறையும் வண்டல் இறக்கினேன். அவளிடம் மறுபடி கத்தினேன். தட்டுகளை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினாள். முகம் தெரிகிற அளவுக்குப் பளபளத்தன.

"இதுக்கு மேல இன்னாம்மா தேய்க்கிறது? உள்ளங்கை எரியுது."

"தேய்ச்சா ஏன் இப்படி வருது?"

"அத்த நீதான் சொல்லணும். படிச்சவ நீதானே."

மூன்றாம் தடவை எட்டு நிமிஷம்.

பெரிய டாக்டரிடம் போய், தட்டு சரியில்லை என்று நினைக்கிறேன் என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்," என்றார். பக்கத்தில் இருந்த நர்ஸுகள் சிரித்தார்கள். திரும்பி வந்து அவள்மேல் எரிந்து விழுந்தேன். அகப்பட்டவள் அவள் ஒருத்திதானே.

இப்படியே நான்காவது மாதமும் வந்தது. அந்த அறை பிரசவ வார்டுக்கு வேண்டும் என்று டாக்டருக்கு நெருக்கடி. ஒரு சனிக்கிழமை என்னைக் கூப்பிட்டு ஒரு நோட்டை நீட்டினார்.

"தேறித்தா, தேறலையா? ஒரே வார்த்தைல எழுதிக் கையெழுத்துப் போடு."

இன்னும் ஒரு மாதம் வேண்டும் என்று கேட்டிருக்கலாம். ஏதோ ஒன்று இடிக்கிறது என்று சொல்லியிருக்கலாம். எனக்கு அந்த இலை, அந்த லென்ஸ், அந்த வேர்வை எல்லாமே வெறுத்துப்போயிருந்தது. 'தேறவில்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். நான் பொய் எழுதவில்லை. எட்டு நிமிஷம் எட்டு நிமிஷம்தான்.

திங்கட்கிழமை காலை மாட்டு வண்டி வந்தது. சுத்தம் செய்யாத ஜாடிகளில் மூன்றை வைக்கோல் போட்டு ஏற்றினார்கள். ஒரு நடைக்கு அவ்வளவுதான் பிடிக்கும். மற்றவை அடுத்தடுத்த நாள். அவள் கையைத் துடைத்துக்கொண்டு வராந்தாவில் நின்று பார்த்தாள். வண்டி திரும்பி அடையாறு போகிற பாதையைப் பிடித்தது.

"எங்க ஊருக்கா போவுது?" என்றாள்.

"ஊருக்கு இல்ல. கடலுக்கு."

"கடலு எங்க கீது, எங்க வூட்டு வாசல்ல தானே கீது?"

நான் உள்ளே போய்விட்டேன்.

மறுநாள் காலை அறைக்குள் நுழைந்தால் தட்டு, கரண்டி, புனல், குப்பி அத்தனையும் மேசையில் கவிழ்த்து வைத்திருந்தது. எல்லாம் மின்னியது. அலமாரி திறந்து கிடந்தது. வெள்ளைத் துணி துவைத்துக் கொடியில் காய்ந்துகொண்டிருந்தது.

"அந்தத் தட்டு எங்கே?" என்றேன்.

"கழுவிட்டேன்."

"தொடாதேன்னு சொன்னேனா இல்லையா?"

"சரியா கழுவலன்னு நாலு மாசமா பேசிக்கினு கீறியே! நான் கழுவாங்காட்டி தானே எங்க கடல்ல கொண்டு கொட்டுறீங்கோ? அல்லாத்தையும் கழுவிட்டேன். இப்ப அளந்து பாரு."

அவளுக்குப் புத்தி கற்பிக்க வேண்டும் என்ற ஒரே எண்ணத்தில் அந்தத் தட்டை எடுத்து, தண்ணீர் ஒரு சொட்டும் விடாமல், வெறுமனே பெட்டிக்கடியில் செருகினேன். இலையை ஏற்றினேன். இலை இறங்கத் தொடங்கியது. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே இறங்கியது. பத்துக் கோடு, ஒன்பது நிமிஷம். காலை ஏழரை மணி. கடற்காற்று இல்லை. மறுபடி ஏற்றினேன். ஒன்பது நிமிஷம்.

தட்டில் தண்ணீரே இல்லை. ஆனால் இலை இறங்குகிறது.

"எத போட்டுத் தேய்க்கிற நீ?" என்றேன்.

முந்தானை முடிச்சிலிருந்து ஒரு பொடி டப்பியை எடுத்துத் திறந்து காட்டினாள். உள்ளே திருநீறு போல வெள்ளை வெளேரென்று பொடி. அவள் தம்பி கல்யாண ஊர்வலங்களுக்குக் காஸ்லைட் வாடகைக்கு விடுகிறவன். விளக்குக்குள் எரிகிற வலை, மேண்டில் என்பார்களே, அது உடைந்தால் தூளாகிவிடும். அந்தத் தூளைச் சேர்த்து வைப்பான். வெள்ளிக் கொலுசு, குத்துவிளக்கு எல்லாவற்றையும் அவர்கள் வீட்டில் அதைப் போட்டுத்தான் தேய்ப்பார்களாம். முதலில் புளியும் அடுப்புச் சாம்பலும்தான் போட்டிருக்கிறாள். நான் கத்தின பிறகு, தட்டு இன்னும் சுத்தமாகட்டும் என்று, உசத்தியான பொடியைக் கொண்டுவந்திருக்கிறாள். நான் கத்தக் கத்த இன்னும் கொஞ்சம் அதிகம் போட்டிருக்கிறாள்.

ஒரு சிட்டிகையை ஒரு காகிதத்தில் வைத்துப் பெட்டிக்கடியில் செருகினேன். இலை தொங்கிப்போயிற்று.

மேண்டிலில் தோரியம் இருக்கிறது. ரேடியத்துக்குப் பங்காளி, அதுவும் இலையை இறக்கும். எனக்குத் தெரியாத விஷயமா? பரீட்சையில் ஒரு பக்கம் எழுதியிருக்கிறேன். திருவாங்கூர் கடற்கரை மணலிலிருந்து எடுத்து மேண்டிலுக்குப் போகிறது என்று படம் வேறு போட்டேன். பேப்பரில் எழுதிவிட்டு வந்ததோடு சரி. எங்கள் கோயில் திருவிழாவில் அந்த விளக்குக்கடியில் எத்தனை வருஷம் நின்றிருக்கிறேன்!

தண்ணீர் எப்போதோ சுத்தமாகிவிட்டிருக்கிறது. முதல் தடவை வந்த இருபது நிமிஷம் மட்டும்தான் உண்மையில் தண்ணீரில் மிஞ்சியது. அதற்குப் பிறகு அளந்ததெல்லாம் தட்டின் மடிந்த விளிம்பில் தங்கிய பொடியை. அவள் தேய்க்காமலே விட்டிருந்தால் எல்லாம் தேறியிருக்கும்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அப்போதும் நான் முதலில் கத்தத்தான் செய்தேன். "கண்டதையும் போட்டுத் தேய்ப்பியா? என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

அவள் டப்பியை மூடினாள். "தேய்ச்சியா தேய்ச்சியான்னு தெனைக்கும் கேட்டியே. எத்தால தேய்க்கிறன்னு ஒரு நாளாவது கேட்டியா?"

டாக்டர் அறைக்கு ஓடினேன். இரண்டாம் நடைக்கு வண்டி வாசலில் நின்றுகொண்டிருந்தது. அதை நிறுத்தச் சொன்னேன். அந்த மட்டும் அவர் கேட்டார். புதுத் தட்டுகள் வாங்கி, சோடா உப்பில் கொதிக்கவைத்து, வேறெதுவும் தொடாமல் அளந்தேன். மூன்று முறை வண்டல் இறக்கிய அந்த ஜாடித் தண்ணீருக்கு இலை ஒரு மணி நேரத்தைத் தாண்டியும் நின்றது. நூறில் ஒன்றுக்கும் குறைவு. எந்தத் தண்ணீரை நான் நான்கு மாதம் சபித்தேனோ, அது எப்போதோ தேறி, நல்ல பிள்ளையாக ஜாடியில் உட்கார்ந்திருக்கிறது. பழி ஓரிடம், பாவம் ஓரிடம்.

"பேஷ்," என்றார் டாக்டர். 'தேறவில்லை' என்பதை அடித்து 'தேறியது' என்று எழுதச் சொன்னார். மீதி எட்டையும் அதே முறையில் செய்யச் சம்மதித்தார்.

"அந்த மூணு ஜாடி சார்?" என்றேன்.

"அதுக்கென்ன? கடல்ல கரைச்ச பெருங்காயம்."

அவர் சொன்னது சரிதான். நானும் கணக்குப் போட்டுப் பார்த்தேன். மூன்று ஜாடித் தண்ணீர் வங்காள விரிகுடாவில் கலந்தால் எந்த இலையும் அதைக் காட்டாது. ஆயினும் என் கையெழுத்தில் போனது அது. ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு முன்னால் செய்த பாவத்தைச் சொல்கிற பாவசங்கீர்த்தனத் தொட்டிக்கு வெளியே வரிசையில் நின்றேன். பத்துக் கட்டளைகளில் எதை மீறினேன் என்று சாமியாரிடம் சொல்வது எனத் தெரியாமல், முறை வரும் முன்பே வீட்டுக்கு வந்துவிட்டேன்.

வண்டி போன அந்த வாரம் வெள்ளிக்கிழமை அவள் வழக்கம்போல ஓலைப்பெட்டியோடு வந்தாள். சங்கரா, கண் மின்னிக்கொண்டிருந்தது.

"இன்னிக்கு வேண்டாம். அம்மாவுக்கு உடம்பு சரியில்ல," என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று எனக்கே தெரியாது. கணக்குத் தெரியும், கை நீளவில்லை, அவ்வளவுதான். அம்மா அன்று கத்தரிக்காய்க் குழம்பு வைத்துவிட்டு, இன்றைக்கு மீன் ஏன் இல்லை என்று கேட்டாள். அடுத்த வெள்ளி, விருந்தாளி வருகிறார்கள், வெளியே போகிறோம் என்று ஏதோ உளறினேன். அவள் என் முகத்தைப் பார்த்தாள். ஓலைப்பெட்டியை மூடி எடுத்துக்கொண்டாள்.

மூன்றாவது வெள்ளிக்கிழமை அவள் என்னைக் கேட்கவே இல்லை. நேராக வந்து, வாழை இலையில் சுற்றிய ஒரு மீனை, தங்க இலைப் பெட்டிக்குப் பக்கத்தில் மேசைமேல் வைத்தாள்.

"அளந்து பாரு," என்றாள். "தட்டெ நான் தொடல."

சொல்லிவிட்டு வாளியை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

வேண்டாம், எடுத்துக்கொண்டு போ என்று சொல்லியிருக்க வேண்டும். அல்லது அப்படியே வீட்டுக்குக் கொண்டுபோய்க் குழம்பு வைக்கச் சொல்லியிருக்க வேண்டும். நான் கதவைச் சாத்திக்கொண்டு, மீனில் ஒரு துண்டு வெட்டி, உலர்த்தி, எரித்து, சாம்பலைப் புதுத் தட்டில் பரப்பி அளந்தேன். இலை இரண்டு மணி நேரம் நின்றது. வெறும் தட்டுக்கு எவ்வளவோ அவ்வளவு. அதில் ஒன்றும் இல்லை. அப்படி நிம்மதியும் அப்படி வெட்கமும் ஒரே நேரத்தில் நான் பட்டதில்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை அவள் வெறும் கையோடு வந்தாள்.

"மீன் எங்கே?" என்றேன். "அளந்தேன். நல்ல மீன். இன்னிக்கு ரெண்டா வாங்கிக்கலாம்னு இருந்தேன்."

"எனக்கு அது அளக்காமயே தெரியும்மா," என்றாள். தட்டுகளை எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போனாள்.

அதன்பிறகு நான் அந்த ஆஸ்பத்திரியில் இருந்த இரண்டு வருஷமும் அவள் சொன்ன வேலையைச் செய்தாள். எதைப் போட்டுத் தேய்க்கட்டும் என்று ஒவ்வொரு தடவையும் கேட்டுவிட்டுத் தேய்த்தாள். மீன் மட்டும் கொண்டுவரவில்லை. வெள்ளிக்கிழமைகளில் அம்மா சாந்தோம் கடற்கரையில் ஏலம் போடுகிற இடத்துக்குப் போய் மீன் வாங்கினாள். அதே கடல்தான். அந்த மீனை நான் அளக்கவில்லை.